தை மாதத்தில் திறந்த கூரை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு குளிர்காலம் முழுவதும் ரொறன்ரோவின் ஸ்காபறோவில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் என்னுடையதல்லாத ஒரு கார் நின்றது. வெள்ளை நிறம், இரண்டு கதவுகள், கையால் பின்னுக்கு மடிக்கிற கறுப்புக் கன்வஸ் கூரை. கூரையின் பின்புறத்தில் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் தெளிந்த பிளாஸ்ரிக் தாள் ஒன்றைத் தைத்திருந்தார்கள். அதைப் பின் கண்ணாடி என்றே எல்லோரும் சொன்னோம். அந்தக் காரைப் பற்றி மட்டும் என் நாட்குறிப்பில் நாற்பத்தொரு பக்கங்கள் இருக்கின்றன. இப்போது அவற்றை ஒன்றும் விடாமல் படித்துப் பார்த்தும், நான் செய்ததில் எது சரி, எது பிழை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கார் என் மனைவியின் தம்பியுடையது. அவன் பிறம்ரனில் ஒரு கொம்பனிக்கு லொறி ஓட்டினான். அந்த வருடம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அவனை மேற்கே தொலைவிலுள்ள கல்கரிக்குப் போய் ஓடச் சொல்லியிருந்தார்கள். மே மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் கொழும்பில் இருந்தாள், விசா கிடைத்திருந்தது. கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் அவளைக் கூரை திறந்த காரில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவனுடைய ஆசை. அதற்காகவே அந்தக் காரைப் பழையதாக வாங்கியிருந்தான். கல்கரிக்குப் போகும் முன் என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அத்தான், வேறை ஆரிட்டை விட்டாலும் எனக்கு நித்திரை வராது. நீங்கள் ஒழுங்கான ஆள்."

"எங்களிட்டைக் கராஜ் இல்லையே. வெளியிலைதான் நிக்கும்."

"நிக்கட்டும். பல்லுக் குத்துற குச்சியையே எண்ணி வைக்கிற ஆள் நீங்கள்."

குசினிக்குள் இருந்து என் மனைவி சொன்னாள்: "உண்மைதான். போன மாசம் மூண்டு குறையுது எண்டவர்."

நான் சிரிக்கவில்லை. "நீர் விட்ட மாதிரியே ஏப்ரலிலை திருப்பித் தருவன்" என்றேன். நான் இலேசில் வாக்குக் கொடுப்பவன் அல்ல. கொடுத்த வாக்கை அன்றே நாட்குறிப்பில் எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

காரை எப்படி மூடுவது என்பதில்தான் குழப்பம் தொடங்கியது. மிசிசாகாவில் விமான உதிரிப்பாகங்கள் வைக்கும் களஞ்சியத்தில் நான் இருப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே என்னோடு வேலை செய்த வெள்ளையர் ஒருவர் நெடுங்காலமாகக் கன்வஸ் கூரைக் கார் வைத்திருப்பவர். பிளாஸ்ரிக்கால் மூடவே கூடாது என்றார். கன்வஸ் மூச்சுவிட வேண்டுமாம். மூச்சை அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்குமாம். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த இத்தாலியக் கிழவர், பிளாஸ்ரிக் போடாவிட்டால் உருகும் பனி தையல் ஓட்டைகளில் இறங்கி, மறுபடி உறைந்து, நூலை அறுத்துவிடும் என்றார். இருவரும் பட்டு அறிந்தவர்கள். ஒருவர் சொல்லும்போது அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. மற்றவர் சொல்லும்போது மற்றதுதான் சரி.

கடைசியில் துணி உறை ஒன்றை முதலில் போட்டேன். அதன்மேல் காற்று நிரப்பிய இரண்டு கடற்கரைப் பந்துகளை வைத்து, அவற்றுக்கு மேலே பிளாஸ்ரிக் படங்கை விரித்துக் கட்டினேன். பந்துகள் இருந்ததால் துணிக்கும் பிளாஸ்ரிக்குக்கும் இடையில் காற்றோட்டம் இருந்தது. இத்தாலியர் வேலிக்கு அருகே வந்து நின்று பார்த்துவிட்டு, கார் பிள்ளைத்தாய்ச்சியா என்று கேட்டார்.

பற்றறியிலும் அதே கதை. கழற்றி நிலவறையில் வைக்கச் சொன்னார் ஒருவர். இன்னொருவர் கழற்றாமல் கிழமைக்கு ஒருதரம் ஸ்ரார்ட் பண்ணச் சொன்னார். கழற்றினால் சீமெந்துத் தரையில் வைக்கக்கூடாது என்றார் மூன்றாமவர். தரையில் வைத்தால் ஒன்றும் ஆகாது, அது பழைய காலத்துக் கதை என்றார் நாலாமவர். நான் கழற்றி, ஒரு பலகையில் வைத்து, பலகையை இரண்டு பழைய ரெலிபோன் புத்தகங்களில் வைத்தேன். எலி வராமல் இருக்கப் பூச்சி உருண்டை போடலாம் என்றபோது மனைவி மறித்தாள்.

"கலியாணக் காருக்குள்ளை பூச்சி உருண்டை மணமோ? பொம்பிளை தும்மித் தும்மியே மண்டபத்துக்குப் போறதோ?"

ஆகவே மணக்கிற சவர்க்காரத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆறு இடங்களில் வைத்தேன்.

இவ்வளவு குழப்பத்திலும் யாரும் மறுத்துப் பேசாத ஒரு விடயம் இருந்தது. காரோடு வந்த கைநூலில் அது தடித்த எழுத்தில் இருந்தது: உறைநிலைக்குக் கீழே கூரையை மடிக்காதீர்கள், பின் ஜன்னல் வெடிக்கும். வெள்ளையரும் அதைச் சொன்னார், இத்தாலியரும் சொன்னார். அந்தக் குளிர்காலத்தில் எனக்குத் தெளிவாக விளங்கியிருந்த ஒரே விடயம் அதுதான்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு பெண்ணின் தாய்மாமன் தன் மனைவியோடு வந்தார். பெண்ணுக்குத் தகப்பன் இல்லை. ரொறன்ரோவில் பெண் பக்கத்துக்குப் பெரியவர் அவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முறுக்கும் அரியதரமும் ஒரு பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். அவர் கழுத்தில் ஒரு கமரா தொங்கியது. அது எதற்கு என்று நான் யோசிக்கவில்லை.

தேநீர் குடிக்கும்போது அவர் தொடங்கினார். "மாப்பிளை ஒரு திறந்த கார் வாங்கி வச்சிருக்கிறாராம். கொழும்பிலை அக்காவுக்கு அதிலை ஒரே யோசினை."

"என்ன யோசினை அண்ணை?"

"கூரை இல்லாத கார், மழை வந்தால் பிள்ளை நனையுமே எண்டு. கூரை இருக்கு, அது திறக்கிற கூரை எண்டு சொன்னன். விளங்கேல்லை. ரெண்டு படம் எடுத்து அனுப்பினால் சரி. பூட்டி ஒண்டு, திறந்து ஒண்டு."

"இப்ப மூடிக் கட்டி வச்சிருக்கிறன்."

"அவிழ்ப்பம். நானும் பிடிக்கிறன்."

"பற்றறியும் கழட்டிப்போட்டன்."

"கூரை கையாலை மடிக்கிறதுதானே, தம்பி. அதுக்கேன் பற்றறி?"

அவருக்குக் காரைப் பற்றி என்னைவிடத் தெரிந்திருந்தது. நான் உண்மையைச் சொன்னேன். "குளிருக்குத் திறக்கக்கூடாது எண்டு புத்தகத்திலை போட்டிருக்கு, அண்ணை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் வவுனியாவிலை பதினொரு வருஷம் கன்வஸ் ஜீப் ஓடினனான். வெயில், மழை, புழுதி, எல்லாத்திலையும் ஓடினது. கன்வஸ் ஒண்டும் ஆகாது. உதுகள் புத்தகத்திலை சும்மா எழுதுறது. பிறகு உடைஞ்சால் தங்களைக் கேக்கக்கூடாது எண்டு."

வவுனியாவில் தண்ணீர் உறைவதில்லை என்பது என் வாய்வரை வந்தது. அப்போது அவருடைய மனைவி, அரியதரத்தைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"விடுங்கோவன். அவைக்கு விருப்பமில்லைப் போலை."

என் மனைவி என்னைப் பார்த்தாள். பெண் வீட்டார் அப்படி ஒரு வசனத்தோடு எழும்பிப் போனால் அது கொழும்புக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்காது. மாப்பிள்ளை பக்கம் காரைக் காட்ட மறுத்தது என்று போகும். கார் இல்லையாம் என்றும் போகலாம். நான் எழுந்து கோட்டைப் போட்டேன். கதவருகே ஜன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானியைப் பார்த்தேன். பூச்சியத்துக்குக் கீழே பதினாலு. பார்த்துவிட்டுத்தான் போனேன்.

படங்கையும் பந்துகளையும் உறையையும் எடுக்க இருபது நிமிடம் ஆனது. பூட்டியபடி ஒரு படம் எடுத்தார். பிறகு முன்கண்ணாடிக்கு மேலே இருந்த இரண்டு கொளுக்கிகளையும் கழற்றினோம். ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மற்றப் பக்கத்தை நான். கன்வஸ் மரப்பலகை போல விறைத்திருந்தது. பாதி மடியும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அப்பளத்தைக் கையால் உடைப்பது போன்ற சத்தம்.

"குளிருக்கு முறுகுது" என்றார் அவர்.

மீதிப் பாதியையும் மடித்தோம். அவருடைய மனைவி உள்ளே ஏறி, சேலைக்கரை தெரியக் குளிர்க்கோட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தார். "கெதியா எடுங்கோ, விறைக்குது" என்றார். இரண்டாவது படமும் எடுத்தாகிவிட்டது. பிறகு அவர்கள் வீட்டுக்குள் வரவில்லை. கை தேய்த்துக்கொண்டு தங்கள் காருக்குள் ஏறிப் போனார்கள். கூரையை நான் தனியாக உயர்த்தினேன். பின் கண்ணாடியில் இடது மேல் மூலையிலிருந்து சரிவாகக் கீழே ஒரு வெடிப்பு. பதினொன்றரை அங்குலம்.

தாய்மாமன் அதைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியாது.

"இப்ப தம்பியிட்டைச் சொல்லாதேங்கோ" என்றாள் மனைவி.

"நான் வாக்குக் குடுத்தனான்."

"சொன்னால், ஆர் திறக்கச் சொன்னது எண்டு கேப்பான். மாமா எண்டால் உடனை போன் எடுத்து அவரோடை சண்டை பிடிப்பான். அவன்ர வாய் தெரியுந்தானே உங்களுக்கு. கலியாணத்துக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கு."

"நான் திறந்தனான் எண்டு சொல்லுறன்."

"நீங்கள் தை மாசத்திலை கூரை திறந்தனீங்கள் எண்டு சொன்னால் அவன் நம்புவானோ?"

உண்மையைச் சொன்னால் கல்யாணத்துக்குள் சண்டை வரும். பொய் சொன்னால், என் குணத்துக்குப் பொருந்தாத பொய்யாக இருக்கும். பேசாமல் இருந்தால் என்னை நம்பி விட்டவனை ஏமாற்றியதாகும். அன்று நாட்குறிப்பில் நான் எழுதியது வெப்பநிலையும் வெடிப்பின் நீளமும் மட்டுந்தான்.

அதன்பிறகு காரைப் பார்ப்பது எனக்கு இரண்டாவது வேலையாகிவிட்டது. வெடிப்பின் மேல் தெளிந்த ரேப் ஒட்டினேன். குளிரில் ஒட்டவில்லை. குசினி ஜன்னலால் மின்கம்பி இழுத்து, மனைவி தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடாக்கி ஒட்டினேன். உள்ளே ஈரம் போகக்கூடாது என்று பிளாஸ்ரிக்கை இறுக்கினேன். இறுக்கியதால் வெள்ளையர் சொன்னதுபோல உள்ளே வேர்த்தது. தரைவிரிப்பின் ஓரத்தில் காசளவு பூஞ்சணம் தெரிந்தது. வினாகிரித் தண்ணீரால் துடைத்துவிட்டுப் பிளாஸ்ரிக்கைத் தளர்த்தினேன். தளர்த்தியதால் இத்தாலியர் சொன்னதுபோல உருகிய பனி உள்ளே வந்தது. வேலையால் வந்ததும் தளர்த்துவதும் வேலைக்குப் போகுமுன் இறுக்குவதுமாக இரண்டு மாதம் போனது. எது பாதுகாக்கிறது, எது கெடுக்கிறது என்ற கணக்கை ஒரு கட்டத்தில் நான் விட்டுவிட்டேன். ஆனாலும் இரண்டையும் செய்துகொண்டே இருந்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் கல்கரியிலிருந்து மச்சான் போன் எடுப்பான். அக்காவோடு கதைத்த பிறகு என்னைக் கேட்பான். கார் நிற்கிறது, பின் கண்ணாடிவரை மூடியிருக்கிறது, இன்று பனி தட்டினேன் என்று உண்மையான வசனங்களாகவே பார்த்துச் சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போனை வைத்ததும் ஒவ்வொரு முறையும் பொய் சொன்ன மாதிரியே இருந்தது.

ஏப்ரலில் அவன் வந்தான். விமான நிலையத்துக்குப் போய் அவனைக் கூட்டிவந்தவர் தாய்மாமன். இருவரும் நேரே டிரைவ்வேக்கு வந்தார்கள். நான் சொல்ல வேண்டிய வசனங்களை எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தனியாக வருவான் என்று நினைத்து எழுதிய வசனங்கள் அவை. அவன் உறையை இழுத்தான். தாய்மாமன்தான் முதலில் கண்டார்.

"இதென்ன தம்பி, பின் கண்ணாடி வெடிச்சிருக்கு?"

அவன் இழுத்துப் போட்ட உறையை எடுத்து நான் நாலாக மடிக்கத் தொடங்கினேன்.

"ஒழுங்கான ஆள் எண்டல்லோ எல்லாரும் சொன்னவை" என்றார் அவர். குத்தலாக அல்ல, உண்மையிலேயே வியப்பாக.

மச்சான் குனிந்து ரேப்பின் மேல் விரலை வைத்து, வெடிப்பு நெடுகப் போய்ப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"அது நான் வாங்கேக்கையே இருந்தது, மாமா" என்றான். "அக்கா, தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டபடி வீட்டுக்குள் போய்விட்டான்.

நான் அங்கேயே நின்றேன். வாங்கும்போது இருக்கவில்லை. அவன் கல்கரிக்குப் போன அன்று அந்தப் பிளாஸ்ரிக்கை இரண்டு பக்கமும் மெல்லிய துணியால் துடைத்தவன் நான். ஒரு கீறல்கூட இல்லை. அவன் மறந்துவிட்டானா? வேறு காரை நினைத்துச் சொல்கிறானா? திருத்த வேண்டும் என்றால் தாய்மாமனுக்கு முன்னால் திருத்த வேண்டும். ஒருவன் எனக்குச் சாதகமாகப் பிழை விடும்போது பேசாமல் இருப்பது பொய்யா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மனைவி, "அவனே விட்டிட்டான். நீங்கள் ஏன் கிண்டுறியள்?" என்றாள்.

கல்யாணம் நடந்தது. அன்று நல்ல வெயில். கூரையை மடித்துவிட்டதால் பின் கண்ணாடி யாருக்கும் தெரியவில்லை. மண்டபத்தில் தாய்மாமன் என்னைத் தன் நண்பர் ஒருவருக்கு அறிமுகப்படுத்தினார்.

"இவர்தான் மாப்பிளையின்ர அத்தான். காரை ஆறு மாசமாப் பொத்திப் பொத்தி வச்சிருந்தவர். வாங்கேக்கையே கண்ணாடி வெடிச்சிருந்ததை மட்டும் காணேல்லை."

நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன். சில வீடுகளில் இன்றைக்கும் என்னைப் பற்றிய கதை அதுதான்.

இரண்டு கிழமை கழித்துப் புதுத் தம்பதிகள் சாப்பிட வந்தார்கள். மச்சான் வெளியே இத்தாலியரோடு கதைத்துக்கொண்டிருந்தான். புதுப்பெண் என் மனைவியோடு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். நான் மேசையில் பத்திரிகை பார்த்தபடி இருந்தேன்.

"மச்சாள், மாமா அனுப்பின அந்தப் பனிப் படத்தைப் பாத்து நாங்கள் எல்லாரும் சிரிச்சது. பனிக்கை கூரையைத் திறந்துபோட்டு மாமி இருக்கிறா. அண்டைக்கு இவர் போன் எடுக்கேக்கை கேட்டனான், ஏன் இப்பிடிக் குளிருக்கை திறந்து வச்சிருக்கினம் எண்டு. இவர் கன நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. லைன் அறுந்துபோச்சோ எண்டு நினைச்சன்."

"எப்ப பிள்ளை அது?" என்று நான் கேட்டேன்.

"மாசி மாசம், பெப்ரவரி தொடக்கத்திலை."

நான் மேலே போய் நாட்குறிப்பை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிக் கதைகளை நான் ஒவ்வொரு வரியாகவாவது எழுதி வைப்பவன். பெப்ரவரித் தொடக்கம் வரை, "காரை விசாரித்தான்" என்று இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும், "பின் கண்ணாடியை விசாரித்தான்" என்று இருந்தது. என் கையெழுத்துத்தான். ஒன்பது ஞாயிறுகள். எழுதியபோது அந்த மாற்றம் என் கண்ணில் படவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை பின் கண்ணாடியை மாற்ற ஒஷாவாவுக்குப் போனோம். அங்கே படகுகளுக்குக் கன்வஸ் தைக்கும் ஒருவர் இந்த வேலையும் செய்வார். மச்சான் ஓட்டினான், நான் பக்கத்தில் இருந்தேன். பெருந்தெருவை விட்டு இறங்கிச் சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டேன்.

"உமக்கு மாசியிலையே தெரியும், என்ன?"

"ஓம்."

"ஏன் என்னட்டை அப்பவே கேக்கேல்லை?"

"கேட்டனான்தானே அத்தான். ஒவ்வொரு கிழமையும் கேட்டனான்."

விளக்குப் பச்சையாகியது. அவன் காரை எடுத்தான். கொஞ்சத் தூரம் போனபின் சொன்னேன்: "வெடிச்சுப்போச்சு எண்டு நான் சொல்லியிருந்தால், ஆர் திறந்தது எண்டு கேட்டிருப்பீர்."

"கேட்டிருப்பன்."

"மாமா எண்டு சொன்னால் சண்டைக்குப் போயிருப்பீர்."

அவன் யோசித்தான். "போயிருப்பன்" என்றான். பிறகு, "எண்டாலும் நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்" என்றான்.

"பிறகு?"

"பிறகு அலுத்துப்போச்சு."

கோபமாகச் சொன்னானா, பகிடியாகச் சொன்னானா என்று முகத்தைப் பார்த்தேன். அவன் கடை இலக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தான். நான் சொல்லாதது சரியா என்று கேட்டிருக்கலாம். அவன் ஓம் என்றால் நம்பமாட்டேன், இல்லை என்றாலும் நம்பமாட்டேன் என்று தோன்றியதால் கேட்கவில்லை.

கடைக்காரர் முழங்காலிட்டு வெடிப்பைப் பார்த்தார். மடிப்பில் வந்த வெடிப்பு, குளிரில் வந்தது என்று உடனே சொல்லிவிட்டார். எப்படி நடந்தது என்று கேட்டார். மச்சான் சாவியைக் கையில் உருட்டியபடி, பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். தாய்மாமன் அங்கே இல்லை, மனைவி இல்லை, கல்யாணம் முடிந்துவிட்டது.

"நான் ஜனவரியில் கூரையைத் திறந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஏன்?" என்றார் அவர்.

"படம் எடுக்க."

அவர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். மச்சான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். அவனுடைய தோள்கள் சிரிப்பில் குலுங்கின. கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அளவு நாடாவை எடுத்தார்.